ஷைஜா டீச்சரின் பாதித் தோட்டம்

எங்கள் ஊரில் ஷைஜா டீச்சர் வீடு எது என்று கேட்டால், "யாரு, புல்லு வளக்க டீச்சரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். பத்து வருடம் மெட்ரிக் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதோ, தாவரவியலில் முதுகலை முடித்தவர் என்பதோ இப்போது யார் நினைவிலும் இல்லை. அவருடைய வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர். எங்கள் வீட்டில் நான். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதற்கு அந்த ஒற்றுமைதான் காரணம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அவர் அப்படி நினைத்திருப்பாரா என்று தெரியாது. வகுப்பு நாளில் ப்ரொஜெக்டரைத் தூக்கிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் பக்கத்து வீட்டில் இருந்தேன்.

வகுப்பு வருடத்துக்கு மூன்று முறை. ஆனியில் இடவப்பாதி மழை பிடித்ததும் ஒன்று, ஐப்பசியில் துலாமழைக்கு ஒன்று, பங்குனி வெயிலில் விதை எடுக்க ஒன்று. நம் மண்ணிலேயே பிறந்த செடிகளை வைத்து வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி என்பதுதான் பாடம். தும்பை, முக்குற்றி, சிறுபீளை, நிலப்பனை, வேலியில் ஏற்றிவிடக் கருடக்கொடி. "இதுக்கு வெள்ளம் கோரண்டாம், மருந்தும் அடிக்கண்டாம். பட்டாம்பூச்சி தன்னால வரும்" என்று, தண்ணீர்கூட ஊற்ற வேண்டாத தோட்டத்தைப் பற்றி டீச்சர் ஆரம்பிப்பார். பெண்கள் தலையாட்டுவார்கள். வகுப்பு முடிந்ததும் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் உண்டு. அதற்காகத்தான் வருகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

செடிகளுக்கு இடம் கோயிலுக்குப் பின்னால். எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே பழைய பாஸ்டர் வீடு இடிந்து போய், அடித்தளம் மட்டும் மிச்சமாய் ஒரு துண்டு நிலம் கிடந்தது. டீச்சர் கமிட்டியிடம் கேட்டு வாங்கி, மண்ணைக் கொத்தி, வகுப்புக்கு வேண்டிய செடிகளை அதில் வளர்த்து வந்தார்.

அந்த நிலம் அவருக்கு என்னவாக இருந்தது என்பது ஒரு நாள்தான் எனக்குப் புரிந்தது. மாமியார் பக்கவாதத்தில் படுத்து வருடங்கள் ஆகின்றன. கணவர் ஸ்டெனி கத்தாரில். வேலையை விட்டது மாமியாரைப் பார்க்கத்தான். விடியற்காலையில் எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, பிறகு சமையல், பிறகு மறுபடி புரட்டல். சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து என் அம்மா வந்து உட்கார்ந்ததும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கோயில் பின்புறம் போவார். செடிக்கு ஒன்றும் செய்யமாட்டார். சும்மா குந்தியிருப்பார்.

"அக்கா, வேலை ஒண்ணும் இல்லன்னா வீட்ல போய் கொஞ்சம் படுக்கலாம்லா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்ல படுத்தா கூப்பிடுவாவ ஜெபிஷே. இஞ்ச இருந்தாதான் நானும் நாலு எழுத்து படிச்சவள்னு எனக்கே ஓர்ம வருது."

இந்த வருடம் அந்த நிலத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

கமிட்டி செயலாளர் ஞானையன் சார் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காக, வரிசையாகப் பார்க்க ஆசைப்படுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் ரோட்டில் நிற்கின்றன, மினி பஸ்காரன் ஆரன் அடித்துக்கொண்டே ஜெபத்தைக் கெடுக்கிறான் என்பது அவருடைய பல நாள் வருத்தம். ஆனி வகுப்பு முடிந்த அன்று வந்து நின்றார்.

"டீச்சர், மனசுல ஒண்ணும் வைக்கப்பிடாது. இந்த எடத்துல சிமெண்ட் போட்டா வண்டி விடலாம்னு ஒரு அபிப்பிராயம் உண்டு."

"தோட்டம் இருக்கே சார்."

"தோட்டமா?" அவர் சுற்றிலும் பார்த்தார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தேடினார். "சரி, அசனம் வரட்டு. வாற ஜனங்க என்ன சொல்லுதுன்னு பாப்போம். அதுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழம கமிட்டில தீர்மானம்."

அசனம் என்பது கோயிலில் ஊருக்கே சோறு போடும் நாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள், களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் வியாபாரத்துக்குப் போனவர்கள், எல்லோரும் வருவார்கள். ஆவணிக் கடைசி. தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் நேரம். டீச்சர் அதைக் கணக்குப் பண்ணினார். முகத்தில் ஒரு தெளிச்சம்கூட வந்தது. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய பலகை வைக்கலாம், கருடக்கொடியில் பட்டாம்பூச்சிப் புழு இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றெல்லாம் திட்டம் போட்டார். பலகைகளுக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன்.

அசனத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியாருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அசனத்துக்கு முந்தின நாள் ஊரே மண்வெட்டியோடு வந்து கோயில் வளாகத்தில் புல்லைச் செத்திச் சுத்தம் செய்யும். ஒரு புல் நிற்கக்கூடாது. செம்மண் தெரிய வேண்டும், அதில் விளக்குமாற்றுக் கோடு தெரிய வேண்டும். அப்படி இருந்தால்தான் கோயில் அசனத்துக்குத் தயார் என்று அர்த்தம். இந்த வழக்கம் டீச்சருக்கும் தெரியும். ஆனால் பின்பக்கத்துக்கு யாரும் வருவதில்லை, கோயிலின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த தைரியத்தில் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

வடசேரியில் வேலை முடிந்து நான் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கோயில் பின்னால் பெண்கள் சத்தமும் சிரிப்பும் கேட்டன. போய்ப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

தோட்டம் இல்லை. சவரம் பண்ணின கன்னம் மாதிரி மண் கிடந்தது. ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பதித்து, ஒன்று வெள்ளை ஒன்று சிவப்பு என்று பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே வரிசையாகக் கேந்தி, அதாவது செண்டுமல்லிச் செடிகள், இரண்டு குரோட்டன்ஸ், நடுவில் நீலம் அடித்த ஒரு பழைய லாரி டயர், அதற்குள் ரோஜா. நான் பெயின்ட் அடித்து இன்னும் நடாமல் கிடந்த பலகைகளைத் துடைத்து ஒரு மூலையில் பத்திரமாக அடுக்கிவைத்திருந்தார்கள். பழையதில் மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்து ஆற்றங்கரையெல்லாம் படர்ந்து மற்றதை அமுக்கிக் கொல்லுகிற அந்த மஞ்சள் பூக்கொடி. அதைத்தான் டீச்சர் மாதாமாதம் வேரோடு பிடுங்கிப் போராடிக்கொண்டிருந்தார்.

தலைமை தாங்கியவர் பூங்கனி அக்கா. கோயிலில் பெண்கள் ஐக்கியம் என்ற சங்கத்தின் தலைவி. அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவர். டீச்சரின் வகுப்பை ஒருமுறைகூடத் தவறவிடாதவர் ஊரில் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் மரச்சீனிக்கு வந்தாலும் இவர் டீச்சருக்காக வந்தார்.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். மாமியாரை வார்டில் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்துப்போக வந்தவர், தோட்டத்தை ஒரு பார்வை பார்க்க ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார். பூங்கனி அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"டீச்சரே, கண்ண மூடிட்டு வா பிள்ளே. நான் சொன்ன பெறவுதான் தொறக்கணும்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். தூக்கம் இல்லாத நடை. எனக்கு அந்தக் கையைப் பிடித்து இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடத் தோன்றியது.

"ம், இப்பம் தொற!"

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"நீ ஆஸ்பத்திரில கெடந்து அலையுத. உனக்க தோட்டம் ஆளில்லாம காடு புடிச்சு கெடந்துது. நாளைக்கு நாலு ஊருக்காரங்க வாற எடம். உன்ன ஒருத்தரும் கொறச்சலா பேசப்பிடாதுல்லா? எங்க ஐக்கியத்துக்க வக இது" என்றார் பூங்கனி அக்கா. நெற்றியில் செம்மண். "அந்த மஞ்சப்பூவ மட்டும் விட்டாச்சு. பூத்துச் சிரிச்சிட்டு நின்னுது, பிடுங்க மனசு வரல்ல."

பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்க நடுவ ஒடிஞ்சு போச்சு டீச்சர். அந்த வெள்ளப்பூ எளவு கெடந்து, பிடுங்கப் பிடுங்க வருது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன டீச்சரே, மிண்டாம நிக்க? கொள்ளாமா?"

"கொள்ளாம் அக்கா," என்றார் டீச்சர். "நல்லா இருக்கு." மண்ணைப் பார்த்தபடியே, "பிடுங்குனதெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"அசன அடுப்புல போட்டு கத்திச்சாச்சு. ஒரு தூசி கெடயாது."

டீச்சர் தலையாட்டினார். ஆட்டோக்காரன் ஆரன் அடித்தான். போய் ஏறிக்கொண்டார்.

மறுநாள் அசனத்தில் அந்தத் தோட்டத்துக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. சாப்பிட்டுக் கை கழுவினவர்கள் நேராகப் பின்பக்கம் போனார்கள். டயர் ரோஜாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த ஒரு பெண், "இந்த சர்ச்சுல இத்தர நீட்டா ஒரு கார்டன் உண்டுன்னு தெரியவே தெரியாது" என்றாள். டீச்சர் அன்று மத்தியானம் கொஞ்ச நேரம் வந்துபோனார். பார்த்தவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லாமல் நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டேன்.

ஞானையன் சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இப்பம்தான் டீச்சர் கண்ணுக்குத் தோட்டம்னு தெரியுது. இதுல போயி யாராவது சிமெண்ட் போடுவானா?"

ஆக, நிலம் பிழைத்துவிட்டது. டீச்சர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும்.

அந்த வாரம் மாமியாரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பலகைகளைக் கொடுக்கப் போனபோது டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். பூங்கனி அக்காவும் அங்கே இருந்தார். நோயாளிக்குப் பயறுக் கஞ்சி கொண்டுவந்தவர், அப்படியே தண்ணீர்க் குழாய் கேட்டு நின்றார்.

"கேந்தி வாடுது டீச்சரே. ரண்டு நேரம் வெள்ளம் கோரிக் கோரி கை கடுக்குது. உனக்க வீட்டு ஓஸ் எங்க?"

டீச்சர் துணியை உதறினார். பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார். "அக்கா, நீங்க பிடுங்கிப் போட்டது காடு இல்ல. அதுதான் தோட்டம்."

"என்ன பறயுத நீ?"

"அந்த வெள்ளப்பூதான் தும்ப. மூணு வருசமா வகுப்புல நான் காட்டினது அதத்தான்."

பூங்கனி அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் சுருங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் கோபம் வந்தது.

"தும்பயா அது? நீ திரையில காட்டின தும்ப எனக்க கையகலம் இருந்துதே! தாமரப்பூ கணக்கா! உள்ள ரோமம்கூடத் தெரிஞ்சுது!"

"அது கிட்டக்க வச்சி எடுத்த படம் அக்கா."

"கிட்டக்க வச்சா அத்தர பெருசா ஆவுமா? நான் என்னத்தக் கண்டேன்! அண்ணைக்கே ஒருநாள் எங்கள வெளிய கூட்டிட்டு போயி, ஏட்டி, இதாக்கும் தும்பன்னு காலால தொட்டுக் காட்டியிருந்தா நான் பிடுங்குவனா? இருட்டு ரூம்ல ஃபேனப் போட்டு உக்கார வச்சி சினிமா காட்டின. படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். எனக்க கல்யாண போட்டோல நானும்தான் அழகா இருக்கேன்!"

கட்டிலில் கிடந்த மாமியார் தொண்டைக்குள் ஏதோ சத்தம் எழுப்பினார். சிரிப்பா, தண்ணீர் கேட்டதா என்று தெரியவில்லை. டீச்சர் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

படங்களை எடுத்தது டீச்சர்தான். போனில் கவ்விக்கொள்ளும் சின்ன லென்ஸ் ஒன்றை ஸ்டெனி அனுப்பியிருந்தார். அதை வைத்து மண்டியிட்டு மண்டியிட்டு எடுத்த படங்கள். ஒவ்வொன்றும் திரை நிறைய வரும். மழைக்காலத்தில் வெளியே சகதி, பெண்கள் நல்ல சேலையில் வருகிறார்கள் என்று பரிதாபப்பட்டு வகுப்பைக் கோயில் ஹாலுக்குள்ளேயே நடத்தினார். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் அந்தச் செடிகள் நின்றன.

"நான் போறேன்," என்றார் பூங்கனி அக்கா. கஞ்சிப் பாத்திரத்தைக்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்று, "ஆசயா செஞ்சேன் பிள்ளே. நீ அண்ணைக்கே சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டின பெறவு சொல்லுத" என்றார்.

அவர் போன பிறகு டீச்சர் பிழிந்த துணியையே மறுபடி வாளியில் நனைத்துப் பிழிந்தார். நான் பலகைகளைக் கீழே வைத்தேன். "நான் வாயத் தொறந்திருக்கப்பிடாது இல்லியா?" என்று கேட்டார். பட்டம் வாங்கிய இரண்டு பேர் அந்த அறையில் இருந்தும் இதற்கொரு பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. வாலிபர்கள் சார்பில் நானும் அதில் உண்டு. பெண்கள் சார்பில் பூங்கனி அக்கா. டீச்சரை அழைத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில், எப்போது வீட்டிலிருந்து போன் வருமோ என்று மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞானையன் சார் எழுந்தார். "அசனத்துக்கு வந்த எல்லாரும் தோட்டத்தப் பத்தி நல்ல அபிப்பிராயம் சொன்னாவ. அதனால எடம் டீச்சருக்கே. ஒரே ஒரு காரியம். இப்பம் எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கணும். சரிதானே டீச்சர்?"

டீச்சர் எழுந்து நின்றார். எழுந்ததே பெரிய வேலை போல இருந்தது.

"சரியில்ல சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இப்பம் இருக்கது நான் வச்ச தோட்டம் இல்ல. அக்காமாரு எனக்க மேல உள்ள பிரியத்துல செஞ்சது. நான் வச்சா ஐப்பசி மழைக்குப் பழயபடி உங்க கண்ணுக்குக் காடாத்தான் தெரியும். அப்பம் வந்து டீச்சர், ஏன் இப்பிடிப் போட்டுருக்கியன்னு கேக்கப்பிடாது. கேப்பியன்னா இப்பமே சிமெண்ட் போட்டுருங்க. எனக்கு ஒவ்வொரு வருசமும் இதப் பேசிட்டு நிக்க ஆவாது சார். வீட்லயும் ஆவல்ல, இஞ்சயும் ஆவல்ல."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அந்தப் புல்லுதான் வேணும்ங்கிய?" என்றார் ஞானையன் சார்.

"அதுக்குப் பேரு உண்டு சார்."

பொருளாளர் இருமினார். யாரோ கார் நிறுத்தும் பேச்சை மெல்ல மறுபடி எடுத்தார்கள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். நானும் எழுந்து இரண்டு வார்த்தை பேசினேன். பட்டதாரி என்ற முறையில் நன்றாகத்தான் பேசினேன். ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது பூங்கனி அக்கா, டீச்சரின் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "முன்பக்கம் பாதி எனக்க கேந்தி நிக்கட்டு. அது வாடினா நான் பாத்துக்கிடுவேன். பின்னால பாதி அவளுக்குக் குடுங்க. என்னத்தயும் வளக்கட்டு. காருக்கு எடம் வேணும்னா ஞானையன் சாருக்க வீட்டு முற்றம் சும்மாத்தானே கெடக்கு?"

சிரிப்பு எழுந்தது. ஞானையன் சாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு பாதி என்று முடிவானது. ஆனால் அவரும் சும்மா விடவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் அந்தப் பின்பாதி படக்கூடாது, நடுவே பச்சை வலை கட்டி மறைக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதவைத்தார்.

டீச்சர் சரி என்றார். வலையைக் கட்டியது நான். கட்டும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒளிச்சு வைக்க நாம என்ன சாராயமா காச்சுறோம் அக்கா?" என்றேன்.

"கெட்டு ஜெபிஷே. வலைக்குப் பின்னால வந்து மண்வெட்டி போட மாட்டாங்கல்லா."

ஐப்பசியில் மழை பிடித்தது. வகுப்புக்கு நாள் குறித்து, கோயிலில் அறிவிப்பும் வாசித்தாகிவிட்டது. இந்த முறை ப்ரொஜெக்டர் வேண்டாம் என்றார் டீச்சர். மழை விட்ட ஒரு சனிக்கிழமை, வலைக்குப் பின்னால் பழைய சாக்குகளை விரித்தோம். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. சகதி என்றார்கள், குந்தியிருக்க முடியாது, முட்டு வலி என்றார்கள். பூங்கனி அக்கா வருவாரா என்று டீச்சர் இரண்டு மூன்று முறை வலைப்பக்கம் பார்த்தார்.

அவர் கடைசியில் வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளிப்போய்க் குந்தினார். டீச்சர் வகுப்பை ஆரம்பித்தார். வகுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. செத்தின மண்ணில் மழைக்கு முளைத்த குருத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னார். எல்லாம் இரண்டிலை, மூன்றிலைதான். சில இடங்களில் மஞ்சள் பூக்கொடி மறுபடி தலைநீட்டியிருந்தது. அதைப் பிடுங்கிக் காட்டினார். ஒருத்தி கொட்டாவி விட்டாள். மேகம் மறுபடி கறுத்தது.

பூங்கனி அக்கா ஒரு குருத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை அதன் பக்கத்தில் வைத்து, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார். "இதப் பிடுங்கணுமா, பிடுங்கப்பிடாதா?"

டீச்சர் சாக்கிலிருந்து நகர்ந்து போய் அவர் பக்கத்தில் குந்தினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல்ல அக்கா," என்றார்.

"உனக்கே தெரியல்லியா?"

"இத்தர சின்னதுல எனக்கும் தெரியல்ல. இன்னும் ரண்டு இல வரட்டு."

"அப்பம் இது நிக்கட்டா?"

"நிக்கட்டு."

பூங்கனி அக்கா கையை எடுத்துக்கொண்டு அடுத்த குருத்துக்கு நகர்ந்தார். டீச்சரின் மடியில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. மழைத்துளி விழ ஆரம்பித்திருந்தது. அவர் எழுந்திருக்க மண்ணில் கையை ஊன்றினார், முடியவில்லை. பூங்கனி அக்கா திரும்பிப் பார்க்காமலே தோளைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலையை விலக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.